வெற்றிலை மரமும் வெயிலில்லாத நாட்டு அப்பளமும்

அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. பித்தளையால் ஆனது, மூடியின் கீல்களில் ஒன்று உடைந்துவிட்டதால் திறக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும். பாக்கும் சுண்ணாம்பும் இருந்த சிறு அறைகள் வெறுமையாகிவிட்டன. வெற்றிலை அடுக்கும் பெரிய அறையில் நான்கு அஞ்சலட்டைகள் இருக்கின்றன. முதல் அட்டையின் வலது ஓரத்தில் அப்பத்தாவின் விரலிலிருந்த சுண்ணாம்பு பட்டு, நீல மை வெளிறிப்போய், ஒரு சொல்லின் பின்பாதி தெரியாது. தெரியாவிட்டாலும் அது என்ன சொல் என்பதை நான் அறிவேன். அந்த அட்டையை எத்தனை முறை படித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அவற்றை எழுதியவர் சிறுவர்களுக்காக மாயாஜாலத் தொடர்கதைகள் எழுதிவந்தவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. மூன்று புனைபெயர்களுக்குப் பின்னால் இருந்துகொண்டு எழுதிய மனிதர் அவர். எனக்கு எழுதிய அட்டைகளில் மட்டும் தம் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டார். ஒரு சிறுமியை நம்பிச் செய்ததை இத்தனை ஆண்டுகள் கழித்து நான் ஊரறியச் செய்வது முறையாகாது.

அப்போது எனக்கு 11 வயது. சோழவந்தானில் எங்கள் தெருவுக்கு அந்தப் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான் வரும். இந்த மாதம் யார் வீட்டுக் காசில் வாங்குவது என்ற வழக்கு தீர்ந்தபின், ஏழு வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்துப் படிப்போம். என் முறை கடைசிக்கு முந்தியது. என் கைக்கு வரும்போது நடுப்பக்கப் பின் கழன்று, தாள்கள் முன்பின்னாகக் கிடக்கும். கதை என்ன ஆனது என்பதை முன்பே படித்தவர்கள் தெருவில் கூவிச் சொல்லியும் இருப்பார்கள். அதனால் மற்றவர்கள் கதையைப் படித்தார்கள், நான் வரிகளைப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் பத்திரிகைக்கு எழுதியதே இல்லை என்று சொல்ல முடியாது. அம்புலிமாமாவின் போட்டோ தலைப்புப் போட்டிக்குத் தெருவிலிருந்து மாதாமாதம் அட்டைகள் போகும்; ஒன்றும் தேறியதில்லை. ஆனால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது நியாயமா என்று யாரிடம் வழக்குப் பேசுவது? அந்தக் கதைகளின் அடியில் எழுதியவர் பெயர் இருக்காது. எங்கள் தொடர்கதைக்காரருக்குப் புனைபெயராவது ஒன்று இருந்தது. பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார். ஆள் இருந்தால் எழுதலாம்.

முதலில் நான் எழுதியது ஓர் இன்லாண்டு கடிதம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். தங்கள் கதை மிக அருமை, தங்கள் கற்பனை மிக மிக அருமை, தாங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று மூன்று மடிப்பையும் நிரப்பினேன். நடுவில் ஒரு திருக்குறளும் வைத்தேன். எந்தக் குறள் என்பது நினைவில்லை, எந்தக் கடிதத்துக்கும் பொருந்தும் ஏதோ ஒன்றாகத்தான் இருந்திருக்கும். பதில் வரவில்லை. மூன்று மாதம் தபால்காரரை வாசலிலேயே மறித்துக் கேட்டேன். அவர் முதல் மாதம் சிரித்தார், இரண்டாம் மாதம் தலையசைத்தார், மூன்றாம் மாதம் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கமாகவே சைக்கிளை மிதித்தார்.

அந்த வருத்தம் ஆறுவதற்குள்தான் வெற்றிலை மரம் வந்தது.

தொடரின் அந்த மாதப் பகுதியில், மாயாவியின் காவலர்கள் துரத்தும்போது இளவரசன் ஓடிப்போய் ஒரு வெற்றிலை மரத்தின் உச்சியில் ஏறி ஒளிந்துகொள்கிறான். எங்கள் அப்பா கொடிக்கால்காரர். சோழவந்தானில் பிறந்த பிள்ளைக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே கொடிக்கால் தெரியும். அகத்தியை வரிசையாக விதைத்து, அது ஆள் உயரத்துக்கு எழும்பியபின் அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றி, வளர வளர நாரால் இழுத்துக் கட்ட வேண்டும். உள்ளே செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. வெளியே சித்திரை வெயில் தீய்த்தாலும் உள்ளே ஈரமண் குளிர்ந்து கிடக்கும். அகத்தி இலைக்குள் நுழைந்து வரும் வெளிச்சம் சல்லடையில் விழுந்தது போல இருக்கும். விடியலில் கிள்ளிய இலையை வீட்டுத் திண்ணையில் குவித்து, கவுளி கவுளியாக எண்ணிக் கட்டுவதில் அப்பத்தாவின் கைக்கு ஈடு எங்கள் தெருவிலேயே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் நான் அந்த வரியை உரக்கப் படித்தேன். அப்பா நார் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"வெத்தல மரத்துல ஏறுனானாமா? அகத்தியில ஏறுனாலே முறிஞ்சு விழுவான். எழுதிக் கேளு தாயி, எந்த ஊர்ல மரமா நிக்குதுன்னு."

15 காசு அஞ்சலட்டையில் எழுதினேன். இந்த முறை அருமை இல்லை, குறள் இல்லை. வெற்றிலை மரம் அல்ல, கொடி. அது தானாக நிற்காது, அகத்தியைப் பிடித்துத்தான் நிற்கும். அகத்தியில் ஓர் ஆள் ஏறினால் முறிந்துவிடும். ஆகவே இளவரசன் எதில் ஏறினான் என்பதைத் தெரிவிக்கவும். இவ்வளவுதான். கையெழுத்துக்கு மேலே, அப்பா சொன்னதற்காக, "இது குற்றமாகச் சொல்லவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். குற்றமாகத்தான் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. எதிர்ப்பக்கமாக மிதித்துப் போய்க்கொண்டிருந்த தபால்காரர் அன்று எங்கள் வாசலில் இறங்கி, அட்டையை எனக்குக் கொடுக்காமல், அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டும் வழக்கத்தில் தாமே உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டார். "அன்புள்ள மருமகளே" என்று அட்டை ஆரம்பித்தது. அப்பத்தா இடித்துக்கொண்டிருந்த பாக்குரலைக் கீழே வைத்தார்.

"எவன்டா அவன், எம் பேத்திய மருமகள்ங்கிறவன்?"

அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தமிழில் சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் உறவுமுறை வைத்துக்கொள்வது ஒரு மரபு. வாண்டுமாமா எழுதினார், வானொலியில் ஓர் அண்ணா பேசினார், பத்திரிகையே அம்புலிமாமாவாக இருந்தது. எங்கள் தொடர்கதைக்காரரும் பிள்ளைகளுக்கு மாமா. அவரை நான் மாமா என்று விளித்திருந்தால் அவர் என்னை மருமகளே என்றுதான் விளித்தாக வேண்டும், முறையில் தவறில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு எழுதும் முதல் வரியிலேயே உறவு முடிவாகிவிடுவது நம் மொழியில் உள்ள வசதி. வேறு பல மொழிகளில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று வாசலிலேயே நின்று தொடங்க வேண்டியிருக்கும். அப்பத்தாவுக்கு மட்டும் கடைசிவரை அந்த வசதி பிடிக்கவில்லை. மாமாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை.

அட்டையில் இருந்தது இதுதான். உங்கள் ஊரில் வெற்றிலை கொடியாக இருக்கலாம். மாயாவியின் நாட்டில் அது மரம் என்று வைத்துக்கொள். அங்கே நிழல் கொடுக்க அகத்தி இல்லை, ஆகவே வெற்றிலை தன் காலிலேயே நிற்கக் கற்றுக்கொண்டது. இதை எழுதிவிட்டு, ஒரு வரி விட்டு, சிறிய எழுத்தில் இன்னொன்றையும் எழுதியிருந்தார்: இது நான் இப்போது கண்டுபிடித்த சமாதானம், உண்மையில் நான் கொடிக்காலைப் பார்த்ததில்லை, மார்க்கெட்டில் கட்டாகத்தான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு பட்டு அழிந்த சொல் "சமாதானம்".

பெரியவர் ஒருவர் எனக்குத் தெரியாது என்று என்னிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டது என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. ஆனால் அதைவிட அந்த முதல் பாதிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. குழந்தைதானே என்று அவர் என் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. என்னை அந்த நாட்டுக்குள் அழைத்துப்போய், இங்கே விவசாயம் இப்படி நடக்கிறது என்று காட்டினார். அன்றுமுதல் அந்தக் கதையில் எனக்கும் ஒரு காணி நிலம் இருப்பது போன்ற உணர்வு. இன்லாண்டு கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்பதும் அப்போதே அரைகுறையாகப் புரிந்தது. அருமை என்று எழுதினால் நன்றி என்பதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? கேள்விக்குத்தான் பதில் எழுத முடியும். குற்றத்துக்கு இன்னும் நன்றாக எழுத முடியும்.

இதை நான் என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், மதுரைத் தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் பழைய புத்தகக் கடை ஒன்றில் சி.எஸ். லூயிஸ் குழந்தைகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு கிடைத்தது, 1985இல் வெளியானது. நார்னியா என்ற நாட்டைப் பற்றி 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக ஏழு புத்தகங்கள் வெளியிட்டவர் அவர். ஆங்கில இலக்கியப் பேராசிரியர், அதிலும் கிறிஸ்தவ மதத்துக்காக வாதாடுகிறவர் என்று எனக்கு அவர்மேல் ஒரு விலக்கம் இருந்தது. கடிதங்கள் அதைப் போக்கின என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் அஞ்சலை எப்படி நடத்தினார் என்பதைப் பார்த்தபின் மரியாதை கூடியது.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குத் தபால் என்றாலே ஆகாது. 1955இல் வெளியான தன்வரலாற்றில், மகிழ்ச்சியான வாழ்க்கை வாழ்கிறவனுக்குத் தபாலே அதிகம் வராது, தபால்காரர் கதவைத் தட்டும் ஓசைக்கு அவன் அஞ்ச வேண்டியிருக்காது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அப்படி எழுதியவர், மையில் தொட்டு எழுதும் பேனாவை வைத்துக்கொண்டு, வந்த கடிதங்களுக்கெல்லாம் காலையில் உட்கார்ந்து பதில் எழுதினார். எழுத முடியாமல் போனபோது அவருடைய அண்ணன் தட்டச்சு செய்து உதவினார். 1954இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியபோது, அவர்கள் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னதோடு, தாம் உயரமானவர், பருமனானவர், ஏறக்குறைய வழுக்கை, சிவந்த முகம், இரட்டைத் தாடை என்று தம்மையே ஒரு கதாபாத்திரம் போல வர்ணித்திருக்கிறார். அந்தக் கடிதத்தில்தான் எனக்கு வெற்றிலை மரம் ஞாபகம் வந்தது. நார்னியாவின் சிங்கம் இன்னாரைக் குறிக்கிறது, அந்தச் சம்பவம் இன்னதைக் குறிக்கிறது என்று பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பொருத்தம் பார்த்திருந்தார்கள் போலும். அவர் அப்படியில்லை என்கிறார்: நார்னியா போன்ற ஒரு நாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம், இறைவனின் மைந்தன் இங்கே மனிதனானது போல அங்கே சிங்கமானதாக வைத்துக்கொள்வோம், பிறகு என்ன நடக்கும் என்றுதான் யோசித்தேன் என்று விளக்குகிறார். "வைத்துக்கொள்" என்ற அந்த ஒரு சொல்லின்மேல்தான் மாயாவியின் நாட்டு வெற்றிலையும் நின்றது.

அந்தத் தொகுப்பில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் கடிதங்கள் மூன்று.

ஒன்று 1957இல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதியது. ஏழு புத்தகங்களையும் எந்த வரிசையில் படிப்பது என்பதில் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் தகராறு. வெளிவந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பது அம்மா கட்சி. கதைக்குள் நடக்கும் கால வரிசையில் படிக்க வேண்டும் என்பது பையன் கட்சி. லூயிஸ் பையன் பக்கம் சாய்கிறார். முதல் புத்தகத்தை எழுதும்போது இரண்டாவது வரும் என்றே தமக்குத் தெரியாது என்றும், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லாமல் இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பாதி விளையாட்டாகச் சொன்ன தீர்ப்பு. ஆனால் 1994இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் பையனுடைய வரிசையிலேயே புத்தகங்களுக்கு எண் போட்டு வெளியிட்டது. வீட்டுச் சண்டையில் நடுவர் வேண்டி எழுதிய கடிதம் புத்தக முதுகில் எண்ணாக வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. முதலில் வெளிவந்த புத்தகத்தில் அலமாரிக்குள் நுழைந்து நார்னியாவின் பனியில் கால் வைக்கும் அந்த முதல் வியப்பை, அந்த நாடு எப்படிப் படைக்கப்பட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யார் அடைவார்கள்? நான் அம்மா கட்சி.

இரண்டாவது, 1956இல் ஒரு சிறுமிக்கு எழுத்தைப் பற்றி எழுதிய கடிதம். ஒன்று பயங்கரமாக இருந்தது, இன்பமாக இருந்தது என்றெல்லாம் எழுதாதே. படிக்கிறவர் தாமே பயப்படும்படி, தாமே இன்பம் என்று சொல்லும்படி விவரித்துக் காட்டு. அந்தப் பெயரடைகளைப் போடுவது என் வேலையை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று வாசகரிடம் கெஞ்சுவது போல என்கிறார். இதைப் படித்தபோது என் இன்லாண்டு கடிதத்தின் மூன்று மடிப்பும் கண்முன் விரிந்தது.

மூன்றாவதுதான் முக்கியமானது. 1963 நவம்பர் 21ஆம் தேதியிட்டது, ஒரு சிறுவனுக்கு. நார்னியா புத்தகங்களின் மலிவுப் பதிப்பு ஒன்றில் ஏதோ பிழை இருப்பதை அவன் சுட்டிக்காட்டியிருக்கிறான். நான் அந்தப் பதிப்பைப் படிக்கவில்லை, ஆகவே பிழையைக் கவனிக்கவில்லை, பதிப்பாளரிடம் சொல்கிறேன் என்று லூயிஸ் பதில் எழுதுகிறார். மறுநாள், நவம்பர் 22, அவர் இறந்துபோனார். அவருடைய உடல்நிலை பல மாதங்களாகவே சரியில்லை. அந்த நிலையிலும் ஒரு பையன் கண்டுபிடித்த பிழைக்குப் பொறுப்பேற்று ஒரு கடிதம் போயிருக்கிறது.

பிள்ளைகளின் கடிதம் கதையையே திருப்பியதும் உண்டு. ஆஸ் என்ற மாய நாட்டைப் பற்றி எழுதிய எல். ஃபிராங்க் பாம், போதும் என்று நினைத்து 1910இல் வெளிவந்த ஆறாவது புத்தகத்தின் முடிவில் அந்த நாட்டை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்து, இனி அங்கிருந்து செய்தியே வராது என்று எழுதிவிட்டார். பிள்ளைகள் விடவில்லை. கம்பியில்லாத் தந்தி இருக்கிறதே, அதன் வழியாகக் கேட்கலாமே என்று ஒரு குழந்தை யோசனை சொன்னதாக 1913இல் வந்த ஏழாவது புத்தகத்தின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். கதவை ஆசிரியர் பூட்டினால் சாவியை வாசகர் அனுப்புகிறார். கெஞ்சலாக மட்டும் எழுதியிருந்தால் அவர் இறங்கியிருப்பாரா என்பது சந்தேகம். ஒரு வழியையும் சேர்த்து அனுப்பியதால் அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

எங்கள் தொடர்கதைக்காரர் அப்படி எதையும் மாற்றவில்லை. வெற்றிலை மரம் கடைசி வரை மரமாகவே நின்றது. இரண்டாவது அட்டையில் மாயாவிக்குத் தூக்கம் உண்டா என்பதற்கும், மூன்றாவதில் இளவரசனின் தாய்மாமன் ஏன் ஐந்தாம் மாதத்துக்குப் பின் காணவில்லை என்பதற்கும் பதில் சொன்னார். தாய்மாமனை மறந்துவிட்டேன் என்பதுதான் அந்தப் பதில். நான்காவது அட்டையில் கேள்விக்குப் பதில் இல்லை. பத்திரிகை அடுத்த மாதம் நிற்கப்போகிறது, படிப்பைக் கவனி, அப்பத்தாவுக்கு என் வணக்கம் என்று மூன்று வரிகள். அதன்பின் நான் எழுதிய அட்டை, வீடு மாறிப் போய்விட்டார் என்று யாரோ குறுக்கே கிறுக்கிய பேனா எழுத்தோடு என்னிடமே திரும்பி வந்தது. தொடரின் முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது.

இவ்வளவும் தெரிந்த நான், தமிழாசிரியையான பின் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

போன ஆண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மாயக் கதை நாவலை வகுப்பில் படித்துக் காட்டினேன். மலைக்கு அடியில் ஒரு நாடு. அங்கே சூரியன் இல்லை. ஒளிரும் பாசியின் வெளிச்சத்தில் மக்கள் வாழ்கிறார்கள். ஆனைமலையைத் தினமும் பேருந்து ஜன்னலில் பார்த்து வரும் பிள்ளைகளுக்கு மலைக்கு அடியில் ஊர் இருக்கிறது என்றால் நம்புவதில் சிரமமில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கிறார், தமிழ்நாட்டில்தான் இருக்கிறார் என்று சொன்னதும் கடிதம் எழுதலாம் என்று ஒரே கூச்சல். அஞ்சலட்டை இன்றும் 50 காசுதான். ஆனால் வாங்கப் போன முதல் தபால் நிலையத்தில் கார்டு இருப்பில் இல்லை என்றார்கள், இரண்டாவதில் இத்தனை எதற்கு என்று விசாரித்தார்கள், மூன்றாவதில் 43 அட்டைகள் கிடைத்தன.

அதன்பின் நான் கரும்பலகையில் மாதிரி எழுதிப் போட்டேன். விளித்தல், நலம் விசாரித்தல், கதையில் பிடித்த பகுதி, ஆசிரியரின் கற்பனைத் திறனைப் பாராட்டல், முடிப்பு. பத்து மதிப்பெண் கடிதத்தின் இலக்கணம் கை தவறாமல் வந்துவிட்டது. பாராட்டுக்குப் பதில் எழுத முடியாது என்று மனத்துக்குள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், பாராட்டுவது எப்படி என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். பழக்கம் அப்படி. சாக்பீஸ் கையில் இருந்தால் வேறொருத்தியாகிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளி முகவரிக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று எனக்கு. பிள்ளைகளின் அன்புக்கு நன்றி. 43 கடிதங்கள் வந்தன. 42ஐ ஒருவரே எழுதியது போலத் தெரிகிறது, அவரைச் சந்தித்தால் என் வணக்கத்தைத் தெரிவியுங்கள் என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அறையில் அதை யாரிடமும் காட்டவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். முகம் சூடாகிவிட்டது எனக்கே தெரிந்தது.

இன்னொரு தாள் ஒரு மாணவனுக்கு. அவன் பெயரை இங்கே எழுதவில்லை. செல்லூர்ப் பக்கம் வீடு; அம்மா அப்பளம் தேய்க்கிறார். பலகையைப் பார்த்து எழுதாதவர்கள் பட்டியலில் எப்போதும் முதல் பெயர் அவனுடையது, அன்றும் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதி முடித்தபின் கடைசி நிமிடத்தில் இரண்டே வரி கிறுக்கிப் பெட்டியில் போட்டிருக்கிறான். சூரியன் இல்லாத நாட்டில் 12ஆம் பக்கத்தில் கல்யாண விருந்து போடுகிறார்கள், அதில் அப்பளம் இருக்கிறது. வெயில் இல்லாமல் அப்பளம் எப்படிக் காய்ந்தது?

அந்தக் கதையை நான் வகுப்புக்கு முன்பு இரண்டு முறையும் வகுப்பில் ஒரு முறையும் படித்திருக்கிறேன். அப்பளம் கண்ணில் படவில்லை. எங்கள் வீட்டில் அப்பளம் கடையிலிருந்து கட்டாக வருகிறது.

எழுத்தாளர் அவனுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். விருந்து என்றால் அப்பளம் இருக்கும் என்று கை எழுதிவிட்டது, நான் யோசிக்கவில்லை. அடுத்த பாகம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் இதைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் வீட்டில் மழை நாளில் என்ன செய்வீர்கள்? அம்மாவிடம் கேட்டு எழுது. நானும் யோசித்து வைக்கிறேன்.

அவன் அம்மாவிடம் கேட்டான். அவர் சொன்னதை எழுதி என்னிடம் காட்டினான். பிழை திருத்தவா என்று கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "ரொம்ப வெயிலும் ஆகாது, ஓரம் சுருண்டு நொறுங்கிரும். மழ பேஞ்சா வீட்டுக்குள்ள சேலைய விரிச்சுப் போட்டு ஃபேனப் போட்டு விடுவோம். கரண்டு போச்சுன்னா அன்னைக்குக் கூலி போச்சு." இதை அப்படியே அட்டையில் எழுதி, அடியில் தன் பங்குக்கு ஒரு கேள்வியும் சேர்த்திருந்தான்: அந்த நாட்டில் காற்று உண்டா?

பதில் வந்துவிட்டது. நேற்று மதிய இடைவேளையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றான். காற்று இல்லை, ஆனால் அடுப்பு உண்டு, அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காயவைப்பதாக எழுதலாமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

"மிஸ், இன்னொரு கார்டு இருக்கா? பரண்ல போட்டா புகை வாடை அடிக்கும்னு அம்மா சொல்லுது. அவரு எழுதிட்டாருன்னா அப்புறம் மாத்த முடியாது மிஸ். இன்னைக்கே போடணும்."

மிச்சம் அட்டை என்னிடம் இல்லை. மாலையில் மூன்றாவது தபால் நிலையத்துக்குப் போனேன். இரண்டு வாங்கினேன்.